டயர் எங்கே சுடுகிறது? தெர்மல் கேமராவில் தெரியும் அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

லாரியும் வேனும் வைத்திருக்கும் கம்பெனிகளில் இப்போது தெர்மல் கேமரா சகஜமாகிவிட்டது, கைபேசியில் சொருகுவதிலிருந்து துப்பாக்கி மாதிரி பிடிப்பது வரை. வாங்கின வாரத்திலேயே டயரைப் படம் பிடிப்பார்கள், ஒரு மூலை வெள்ளையாக எரிவதைப் பார்த்ததும் "டயர் போயிடுச்சாண்ணே?" என்று படத்தை அனுப்புவார்கள். பெரும்பாலும் போயிருக்காது. காற்று குறைந்திருக்கும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லை சாயங்கால வெயில் ஒரு பக்கம் அடித்திருக்கும். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் பட்டறை வேலையில் இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, திரும்பத் திரும்ப அதே சோதனைகளைச் செய்து வந்த வரிசைதான் கீழே இருப்பது. கேமரா சூட்டை மட்டும் காட்டும். அது எதனால் என்பதைக் காற்றழுத்தம் அளக்கும் கேஜும் கையும் சொல்ல வேண்டும், ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## படம் எடுக்கும் முன்

வண்டி அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். நின்றுகொண்டே இருந்த வண்டியின் டயரில் தரைச் சூடும் வெயில் சூடும்தான் தெரியும். ஓடி வந்து நின்றதும் ஐந்து நிமிடத்துக்குள் எல்லா டயரையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் வண்டி நின்ற பிறகு பிரேக் டிரம்மின் சூடு ரிம் வழியாக ஏறி டயரின் உள்விளிம்புக்கு வந்துவிடும், காப்பி குடித்துவிட்டு வந்து எடுத்த படத்தில் எது பிரேக் சூடு எது டயர் சூடு என்று பிரிக்கவே முடியாது.

கேமராவில் எமிசிவிட்டி, அதாவது ஒரு பொருள் தன் சூட்டை எவ்வளவு கதிராக வெளியே விடுகிறது என்ற அளவு, 0.95 என்று வையுங்கள். கறுப்பு ரப்பருக்கு அது சரியாக வரும். நிறங்கள் காட்டும் சூட்டு எல்லையைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஸ்கேலை அணைத்துவிட்டு 30 முதல் 90 டிகிரி என்று பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் இரண்டு டிகிரி வித்தியாசத்தைக்கூடக் கேமரா தீப்பிடித்த மாதிரி காட்டும். எல்லா டயரையும் ஒரே தூரத்தில், நேராக நின்று, ஒரே வரிசையில் எடுங்கள்: முன் இடது, முன் வலது, அப்புறம் பின்பக்கம். வரிசை மாறினால் பிறகு உட்கார்ந்து எது எந்த டயர் என்று தேட வேண்டியதுதான்.

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர்ப் பகலில் விரைவுச்சாலையில் ஓடி வந்த வேன் டயர் 50, 60 டிகிரி காட்டுவது சாதாரணம், பாரம் ஏற்றிய லாரியில் இன்னும் கூடும். பார்க்க வேண்டியது அதே அச்சில் எதிர்ப்பக்கம் இருக்கும் டயரை. என் கணக்கு இது: 5 டிகிரி வித்தியாசம் என்றால் விட்டுவிடுவேன், 10 என்றால் கேஜை எடுப்பேன், 20 என்றால் காரணம் தெரியாமல் வண்டியை வெளியே அனுப்ப மாட்டேன்.

## அறிகுறி: ஒரு பக்கத்து டயர்கள் எல்லாம் சூடு, அல்லது படமே திட்டுத் திட்டாக இருக்கிறது

முதலில் வெயிலைச் சந்தேகப்படுங்கள். மத்தியானத்தில் வெயில் தலைக்கு நேரே நிற்கும், மட்கார்டின் நிழல் டயரைக் காப்பாற்றிவிடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும்தான் தொல்லை, கிழக்கோ மேற்கோ பார்த்த பக்கத்துச் சைட்வால்களில், அதாவது டயரின் பக்கச்சுவர்களில், நேராக அடிக்கும். அந்தப் பக்கத்து டயர்கள் எல்லாமே ஒரே அளவு சூடாக இருந்து, பக்கத்திலிருக்கும் கறுப்பு மட்கார்டும் சூடாகத் தெரிந்தால் அது வெயில். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிழலில் நிறுத்தி மறுபடி எடுங்கள்.

மழையில் ஓடி வந்த டயரைப் படம் பிடித்துப் பயனில்லை. தண்ணீர் காய்கிற இடம் குளிர்ந்தும் காய்ந்த இடம் சூடாகவும் தெரியும், பார்க்க அச்சு அசலாக ரப்பர் பிரிந்த மாதிரியே இருக்கும். காய்ந்த ரோட்டில் மறுபடி ஓட்டி எடுக்க வேண்டும்.

ரிம்மில் மட்டும் விநோதமான வெளிச்சம் தெரிந்தால் அது பிரதிபலிப்பு. பளபளக்கும் உலோகம் சுற்றியிருப்பதன் சூட்டைத் திருப்பி அனுப்பும், சில நேரம் படம் எடுக்கிறவரின் உருவமே அதில் தெரியும். ரிம்மின் சூடு உண்மையிலேயே தெரிய வேண்டுமென்றால் வண்டி கிளம்பும் முன்பே கறுப்பு மின்சார டேப்பை ஒரு துண்டு ஒட்டிவிட்டு, வந்ததும் டேப்பின் மேல் அளவெடுங்கள்.

ஏர்கான் போட்ட ஆபீசிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேராக யார்டுக்கு வந்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பனி படியும், படம் மொத்தமும் மங்கும். ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்து, லென்ஸ் தெளிந்த பிறகு ஆரம்பியுங்கள். வண்டியின் கண்ணாடி வழியாக எடுப்பதும் ஆகாத காரியம், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கேமராவுக்குத் தெரியாது.

இன்னொன்று, தூரம். 160க்கு 120 புள்ளி உள்ள, கிட்டத்தட்ட 50 டிகிரி அகலம் பார்க்கும் கேமராவை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் ஒரு புள்ளி என்பது டயரில் சுமார் 6 மில்லிமீட்டர். நம்பும்படியான அளவு வர மூன்று புள்ளி அகலமாவது வேண்டும், அதாவது 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கோளாறின் சூடு அந்தத் தூரத்தில் சரியாகத் தெரியாது. முதலில் தள்ளி நின்று முழு டயரையும் எடுத்துவிட்டு, சந்தேகம் வந்த இடத்தை அரை மீட்டரில் போய் எடுங்கள்.

## அறிகுறி: ஒரு டயர் முழுக்கவே எதிர்ப்பக்கத்தைவிடச் சூடு

இங்கே பாதை இரண்டாகப் பிரியும். ரிம்மையும் டயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

### டயர் சூடு, ரிம் அவ்வளவாக இல்லை

காற்றுதான். பத்துக்கு எட்டு தடவை என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. "நேத்துதாண்ணே காத்து அடிச்சேன்" என்று டிரைவர் சொல்வார், பொய்யாகவும் இருக்காது. அடித்த காற்று நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சூடாக இருக்கும்போது கேஜ் வைத்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய பிறகு, முடிந்தால் மறுநாள் காலையில் கிளம்பும் முன் அளக்க வேண்டும். அவசரமென்றால் சூடாக இருக்கும் இரண்டு எதிரெதிர் டயரையும் அளந்து ஒப்பிடுங்கள். அதிகச் சூடான டயர் குறைந்த காற்றைக் காட்டினால் வேறு சாட்சி வேண்டாம்.

காற்று குறைவு என்று தெரிந்துவிட்டால் வால்விலிருந்து தொடங்குங்கள். மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர், குமிழி வந்தால் வால்வின் உள்ளூசியை மாற்றினால் முடிந்தது, இருப்பதிலேயே மலிவான வேலை. அங்கே இல்லையென்றால் வால்வின் அடிப்பாகம், பிறகு ரிம் விளிம்பு, பிறகு டிரெட்டில், அதாவது ரோட்டைத் தொடும் பகுதியில், ஆணி. வேனுக்குப் பெட்ரோல் நிலையத்துக் காற்றே போதும். பெரிய லாரியின் டயருக்கு வேண்டிய அழுத்தத்துக்குப் பட்டறைக் கம்ப்ரசர்தான் சரி.

காற்று சரி, ஆனாலும் சூடு என்றால் பாரத்தைப் பாருங்கள். ஜெனரேட்டரோ டைல்ஸ் கட்டோ எப்போதும் ஒரே பக்கம் வைக்கிற பழக்கம் பல வண்டிகளில் உண்டு. சாமானைப் பிரித்து வைத்து ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். கடைசியாகத்தான் டயரின் உடம்பைச் சந்தேகப்பட வேண்டும்: அளவு சரியா, பாரக் குறியீடு வண்டிக்குப் போதுமா, இரண்டு பக்கமும் ஒரே ரகமா. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேய்ந்தது என்றால் புதுசுதான் கொஞ்சம் அதிகமாகச் சுடும், தடித்த டிரெட் அதிகம் வளைந்து கொடுப்பதால்.

### ரிம்மும் நடுப்பகுதியும் டயரைவிடச் சூடு

டயரை விட்டுவிடுங்கள், அது பாவம். பாரம் ஏற்றி நகரத்துக்குள் நின்று நின்று வந்த வண்டியில் பின் டிரம் 100 டிகிரியைத் தாண்டுவது அதிசயமில்லை, ஒரு பக்கம் மட்டும் தாண்டுவதுதான் கோளாறு. ஹேண்ட் பிரேக் முழுசாக விடுபட்டதா என்று முதலில் பாருங்கள். ஜாக் போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பிரேக் இல்லை, உரசிக்கொண்டு நின்றால் பிரேக். சுற்றும்போது கரகரவென்று சத்தமோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமோ இருந்தால் பேரிங், படத்தில் சூடு டிரம்மைவிட அச்சின் நடு முனையில் குவிந்து தெரியும்.

இதற்கு மேல் மெக்கானிக் வேலை. பேரிங் என்று சந்தேகம் வந்துவிட்டால் "இன்னைக்கு ஒரு டிரிப் மட்டும்" என்று ஓட்டக் கூடாது, சக்கரமே கழன்று போகிற கோளாறு அது.

## அறிகுறி: பின்பக்க ஜோடி டயரில் ஒன்று சூடு, ஒன்று சூடில்லை

14 அடி லாரியிலும் அதற்கு மேலும் என்னிடம் வருகிற படங்களில் பெரும்பங்கு இதுதான். இங்கே மனம் தடுமாற ஒரு காரணம் இருக்கிறது. ஜோடியில் ஒரு டயரில் காற்று இறங்கினால் அதன் பங்குப் பாரத்தை மற்ற டயர் வாங்கிக்கொள்ளும். ஆகையால் சூடாகத் தெரிவது பாரம் சுமக்கும் நல்ல டயராகவும் இருக்கலாம், காற்று குறைந்து வளைந்து வளைந்து ஓடும் கெட்ட டயராகவும் இருக்கலாம். கொஞ்சம் காற்று குறைந்தால் குறைந்ததுதான் சுடும், ஏறக்குறைய முழுசாக இறங்கிவிட்டால் நல்லது அதிகப் பாரத்தில் சுடும், இறங்கினது பக்கத்து டயரோடு உரசி உரசிச் சைட்வாலில் சுடும். படத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் அளந்துவிடுங்கள்.

உள் டயர் எப்போதுமே வெளி டயரைவிடக் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், டிரம் பக்கத்தில் இருக்கிறது, காற்றோட்டமும் இல்லை. ஆகவே இடது உள் டயரை வலது உள் டயரோடு ஒப்பிடுங்கள், அதன் ஜோடியோடு அல்ல. கேமராவை வண்டிக்கு அடியிலிருந்து பிடித்தால்தான் உள் டயர் தெரியும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் குனிய வேண்டாம்.

காரணங்களில் எளியது இரண்டு டயருக்கும் நடுவில் மாட்டின கல். கட்டுமான இடத்துக்குப் போகும் வண்டிகளில் கை முஷ்டி அளவு ஜல்லி சிக்கியிருப்பதைக் காணலாம், இரண்டு சைட்வாலும் அந்த இடத்தில் எதிரெதிரே சூடாகத் தெரியும். காற்றை முழுசாக இறக்கிச் சக்கரத்தைக் கழற்றி எடுப்பதுதான் முறை, சுத்தியலால் அடித்துத் தள்ளுவது சைட்வாலைக் கிழிக்கிற வேலை.

அடுத்தது உள் டயரின் வால்வு நீட்டிப்புக் குழாய். வெளி ரிம்மின் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிற அந்தச் சின்னக் குழாய் ரிம்மில் தட்டித் தட்டி, அதன் மரை தளர்ந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. என்று ஓசையில்லாமல் இறங்கும். எத்தனை காற்று அடித்தாலும் அடுத்த வாரம் அதே டயர் அதே சூடு என்றால் சோப்புத் தண்ணீரை டயரில் ஊற்றிக்கொண்டிருக்காமல் அந்தக் குழாயின் இரண்டு முனையிலும் ஊற்றுங்கள். வெளியே தெரிகிற முனை எல்லோருக்கும் நினைவு வரும். உள்ளே வால்வோடு சேர்கிற முனையில்தான் விஷயம், டார்ச் அடித்து விரலை நுழைத்துத் தடவினால் தூசி கலந்த ஈரப்பிசுக்கு கையில் ஒட்டும்.

கடைசியாக, இரண்டு டயரின் விட்டத்தில் (குறுக்களவில்) இருக்கும் வித்தியாசம். ஒரு புது டயரும் ஒரு தேய்ந்த டயரும் ஜோடி சேர்த்தால் பெரிய டயர் பாரத்தைச் சுமக்கும், சின்னது ரோட்டில் இழுபட்டுத் தேயும். நேர்ச்சட்டம் ஒன்றை இரண்டு டயரின் மேலும் வைத்துப் பாருங்கள், ஆடினால் ஜோடி பொருந்தவில்லை. டயரை இடம் மாற்றிப் பொருந்துகிற ஜோடியாகச் சேர்த்தாலே பல நேரம் சரியாகிவிடும், புதுசு வாங்கத் தேவையில்லை.

## அறிகுறி: டிரெட்டில் பட்டை பட்டையாகச் சூடு

இரண்டு ஓரமும் சூடு, நடு குளிர்ச்சி என்றால் காற்று குறைவு அல்லது அதிகப் பாரம். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மெண்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம். அலைன்மெண்ட் சந்தேகத்தைக் கையாலேயே உறுதி செய்யலாம், டிரெட்டின் குறுக்கே உள்ளிருந்து வெளியே தடவி, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் வெட்டுகிற மாதிரியும் இருந்தால் சக்கரம் கோணலாக இழுபடுகிறது. அலைன்மெண்ட் கடைக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் ஸ்டியரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள், ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்தால் காசு வீண்.

## அறிகுறி: டிரெட்டில் ஒரே ஒரு இடத்தில் சூட்டுப் புள்ளி

உண்மையான டயர்க் கோளாறு தெரிவது இங்கேதான், பொய்யான புள்ளிகள் அதிகம் வருவதும் இங்கேதான். அதனால் முதல் சோதனையைத் தவிர்க்கவே கூடாது: புள்ளிக்கு நேரே சாக்பீசால் கோடு போடுங்கள், வண்டியை அரைச் சுற்று நகர்த்துங்கள், 14 அடி லாரிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்தால் போதும். மறுபடி எடுங்கள்.

### புள்ளி சாக்பீஸ் கோட்டோடு போகவில்லை

டயரில் கோளாறு இல்லை. புகைபோக்கிக் குழாய் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் சுடுகிற தாரின் மேல் நின்ற இடமாக இருக்கும்.

### புள்ளி கோட்டோடு சேர்ந்து போகிறது

இப்போது மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒட்டிக்கொண்ட தார், சேறு, காய்ந்த சிமெண்ட். ஸ்குரூடிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு பாருங்கள்.

ஆணி, ஸ்குரூ, கம்பி கட்டும் ஒயர் துண்டு. தலை தேய்ந்து பளபளத்திருந்தால் அந்த இடம் படத்தில் குளிர்ந்த சின்னப் புள்ளியாகவும், சுற்றிலும் லேசாகச் சூடாகவும் தெரியும். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ரோட்டோரத்தில் ஆர்வத்தில் பிடுங்கிவிடாதீர்கள், அது அடைப்பானாக இருந்து காற்றைக் காத்துக்கொண்டிருக்கலாம்.

பழைய பஞ்சர் ஒட்டு. உள்ளே பேட்ச் போட்ட இடத்தில் ரப்பர் தடிப்பதால் ஓரிரு டிகிரி கூடுதலாகத் தெரிவது இயல்பு. பஞ்சர் கணக்கை எழுதி வைத்திருந்தால் இது ஒரு நிமிடத்தில் தீரும். எழுதி வைப்பவர்கள் குறைவு.

ரீட்ரெட் டயரில், அதாவது பழைய டயரின் மேல் புது டிரெட் ஒட்டினதில், அகலம் முழுக்க ஒரு கோடு குறுக்கே ஓடினால் அது டிரெட்டை ஒட்டின இணைப்பு. கோடு சீராக, மாறாமல் இருந்தால் பரவாயில்லை. கோட்டின் ஒரு முனை மட்டும் ஓரத்தில் பருத்துச் சூடாகத் தொடங்கினால் ஒட்டு விடுகிறது, ரீட்ரெட் செய்த கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் மிச்சம் இருப்பது பெல்ட் பிரிவு. டிரெட்டுக்கு அடியில் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கு ரப்பரிலிருந்து விடுபட்டு, ஒவ்வொரு சுற்றிலும் உரசி அந்த இடம் மட்டும் சுடும். பெரும்பாலும் ஓரத்தை ஒட்டி, நாணய அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை, நீள்வட்டமாகத் தெரியும். ஒரு படத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாது என்றாலும் தொடர்ந்து எடுத்த படங்களில் அது வளர்ந்துகொண்டே வந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய: இன்ஜினை அணைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் ஒரு ஸ்குரூடிரைவரை டிரெட்டுக்கு மயிரிழை தள்ளி நிறுத்துங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். சூட்டுப் புள்ளி வருகிற இடத்தில் ஸ்குரூடிரைவர் உரசினால் அங்கே மேடு. கையால் தடவுவதென்றால் கெட்டியான உறை போட்டுக்கொள்ளுங்கள், துருத்திய எஃகுக் கம்பி ஊசி மாதிரி ஏறும். ஓட்டும்போது இந்தக் கோளாறு மெதுவான வேகத்தில் தடக் தடக்கென்று சீட்டில் தெரியும், வேகம் கூடினால் அதிர்வோடு கலந்து மறைந்துவிடும். யார்டுக்குள் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும்.

மேடும் சூடும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த டயரில் வண்டி நகரக் கூடாது, டயர் கடை வரைக்கும்கூட. ஸ்பேர் மாட்டுங்கள், கழற்றியதைக் கடைக்கு அனுப்பி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பேட்ச் போட்டுச் சரியாக்குகிற கோளாறு இது இல்லை, அப்படி யாராவது சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

### வண்டி ஓட்ட முடியாத நிலையில் பார்க்க வேண்டுமென்றால்

ஆறின டயரில் வெளியிலிருந்து சூடேற்றிப் பார்க்கலாம். ஹாட் ஏர் கன்னையோ ஹாலஜன் விளக்கையோ ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சீராக ஆட்டி, டிரெட் 50, 60 டிகிரி வந்ததும் நிறுத்துங்கள். ஆறும்போது படம் எடுத்துக்கொண்டே இருங்கள். மேல்தோலுக்குக் கிட்டே பிரிந்திருக்கும் இடத்தில் சூடு உள்ளே இறங்க வழியில்லாமல் மற்ற இடத்தைவிட நேரம் எடுத்து ஆறும். சைட்வாலுக்கும் ரீட்ரெட் ஓரத்துக்கும் இது நன்றாக வேலை செய்யும். லாரி டயரின் தடித்த டிரெட்டுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதை இந்த வழியில் பிடிக்க முடியாது, ஒன்றும் தெரியவில்லை என்பதை நல்ல டயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி: சைட்வாலில் வளையமாகச் சூடு

இந்த ஒரு அறிகுறியில் மட்டும் காற்றுக் குழாயை எடுக்கும் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

சைட்வாலின் நடுவில் சுற்று முழுக்க வளையமாகச் சூடு தெரிந்தால் அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. லாரி டயரின் சைட்வாலுக்குள் எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கும், காற்றில்லாமல் ஓடும்போது அவை வளைந்து வளைந்து ஒவ்வொன்றாக அறும், வெளியே ஒன்றும் தெரியாது. அதில் மறுபடி காற்று அடிக்கும்போது மிச்சக் கம்பிகளும் சட்டென்று வரிசையாக அறுந்து சைட்வால் ஜிப் கழன்ற மாதிரி கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் உயிர் பிழைப்பது கஷ்டம். இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஓடின டயரைக் காற்றை முழுசாக இறக்கி, ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே பார்த்த பிறகே காற்று அடிக்க வேண்டும் என்பது தொழிலில் எழுதி வைத்த விதி. உள்பக்கம் கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டினாலோ, சுருக்கம் விழுந்திருந்தாலோ அந்த டயர் முடிந்தது. அப்படி இல்லையென்றாலும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, கிளிப் மாட்டின நீளக் குழாயில், சைட்வாலுக்கு நேரே நிற்காமல்தான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது படபடவென்று சத்தம் கேட்டால் கிட்டே போகாமல் காற்றை இறக்க வேண்டும். கூண்டும் அதெல்லாமும் இல்லாத இடத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள், டயர் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

வளையமாக இல்லாமல் சைட்வாலில் ஒரே இடத்தில் சூடு, அங்கே வீக்கம் என்றால் விளிம்புக்கல்லில் மோதி உள் நூல் அறுந்தது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், இடது திருப்பத்தில் பின் சக்கரம் விளிம்புக்கல்லில் ஏறும், அதனால் இடது வெளி டயரில்தான் இது அதிகம். வீங்கின டயருக்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டியதுதான்.

புகையோ ரப்பர் கருகும் வாசனையோ வந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஆட்களை வண்டியின் முன்பக்கமோ பின்பக்கமோ நன்றாகத் தள்ளிப் போகச் சொல்லி 995-ஐ அழையுங்கள். வெளியே நெருப்பு தெரியாவிட்டாலும் பிரேக் சூட்டில் டயருக்குள் வாயு சேர்ந்து வெடிக்கலாம். காற்றை இறக்கவோ ரிம்மைத் தொடவோ கிட்டே போகக் கூடாது. விரைவுச்சாலையில் டயர் போய் வண்டி நின்றுவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்து மாற்ற வேண்டாம், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி பக்கத்திலிருக்கும் நிறுத்துமிடம் வரை இழுத்துக் கொடுக்கும், அதற்குக் காசு இல்லை.

## அறிகுறி: சூட்டுக்குப் பதில் குளிர்ந்த புள்ளி

ஈரம், சேறு, உலோகம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த பிறகும் அதே இடத்தில் சின்னதாகக் குளிர் தெரிந்தால் காற்று கசியலாம், வெளியேறும் காற்று அந்த இடத்தைக் குளிர்விக்கும். ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் இருக்கும்போது இவ்வளவு விலை கொடுத்து வாங்கின கேமரா எதற்கு?

## அறிகுறி: படத்தில் எல்லாம் சரி, வண்டி மட்டும் ஆடுகிறது

கேமராவின் எல்லை இங்கே முடிகிறது. வயதான ரப்பரின் மெல்லிய வெடிப்பு, ஆழமில்லாத வெட்டு, பேலன்ஸ் இழந்த சக்கரம், வளைந்த ரிம், இதெல்லாம் சூட்டில் தெரியாது. டார்ச்சைச் சைட்வாலுக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். டிரெட் பள்ளத்தில் இருக்கும் தேய்மானக் குறி மேற்பரப்போடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறீர்கள், அதற்குக் கீழே ஓட்டுவது இங்கே குற்றம். சைட்வாலில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள், 2319 என்றால் 2019-இல் 23ஆவது வாரம் செய்த டயர். டிரெட் நிறைய இருந்தும் வெடிப்பு விட்டிருக்கும் டயர்கள் ஸ்பேரில்தான் அதிகம் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

இதெல்லாம் சரியென்றால் பேலன்ஸ், பிறகு அலைன்மெண்ட், பிறகு சஸ்பென்ஷன், அந்த வரிசையில் செலவு செய்யுங்கள்.

## அறிகுறி: புது டயர் போட்டும் அதே சக்கரம் சுடுகிறது

புது டயர் முதலில் கொஞ்சம் அதிகம் சுடும் என்று சொன்னேன், அதனால் இரண்டு பக்கமும் புதுசா என்று பாருங்கள். இரண்டும் புதுசு, இருந்தும் அந்தப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் பழைய டயரைத் தின்ற காரணம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் பிரேக்தான். புது டயரோடு பழைய வால்வையே விட்டுவிட்டார்களா என்றும் கேளுங்கள், டயர் மாற்றும்போது வால்வும் மாற்றுவதற்குச் சில வெள்ளிதான் ஆகும். நீட்டிப்புக் குழாய் உள்ள உள் டயர் என்றால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லி, மாட்டி முடித்ததும் கடையிலேயே இரண்டு முனைக்கும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.